பிள்ளைக்கு இடம் கிடைக்குமா?

(ஆலயத் திருவிழாவின் ஆறாம் நாள் மாலை, ஆலய மண்டபத்தில் ஆறாம் படிவ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுவாமி புறப்பாட்டுக்கு இன்னும் ஒன்றே கால் மணி நேரம் இருக்கிறது என்றும், அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்றும் செயலாளர் அவர்கள் என்னிடம் அன்புடன் எச்சரித்திருக்கிறார். ஆகவே நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றவன். புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, இடைநிலைப்பள்ளி முடித்து, 2000ஆம் ஆண்டில் எஸ்.டி.பி.எம். எழுதி, 2001இல் பல்கலைக்கழகம் சென்றேன். இன ஒதுக்கீட்டு முறையில் மாணவர்களைத் தேர்ந்தெடுத்த கடைசி ஆண்டு அது. 2002 முதல் மெரிட் முறை வந்தது. இன்று நான் அரசாங்க ஊழியன். ஆனால் மாணவர் சேர்க்கைக்கும் என் அலுவலகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று எண்ணிக்கொண்டு என்னைத் தேடி வருவோர் ஆண்டுதோறும் சிலர் இருக்கிறார்கள். எனக்கு உள்ளே யாரும் இல்லை.

என்னிடம் வருவோர் கேட்பது ஒரே கேள்விதான். கையில் மதிப்பெண் தாள் இருக்கும், பக்கத்தில் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். "சார், பிள்ளைக்குக் கிடைக்குங்களா?" இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான பதில் சொன்னேன். அதனால்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

2016ஆம் ஆண்டு. இந்த ஆலயத்துக்கு வெள்ளிதோறும் வரும் ஒரு குடும்பம். தந்தை லாரி ஓட்டுநர். மகள் எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00 பெற்றிருந்தாள். நான்கு பாடங்களிலும் முழு ஏ. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. தந்தை அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "இந்தப் புள்ளிக்குக் கிடைக்காமல் வேறு எந்தப் புள்ளிக்குக் கிடைக்கும்? நூற்றுக்கு நூறு நிச்சயம்" என்றேன். அவர்கள் என் வாக்கை நம்பி, விண்ணப்பத்தில் மருத்துவத்தையே ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். ஒரே ஒரு பல் மருத்துவம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. முடிவு வந்தபோது அவளுக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை.

அந்தத் தந்தை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த ஆண்டு நவராத்திரியின்போது இதே மண்டபத்தின் தூணருகே நின்று, "நீங்க சொன்னீங்களே சார்" என்று மட்டும் சொன்னார். மூன்றாண்டு கழித்து அவருடைய மகனும் எஸ்.டி.பி.எம். எழுதினான். அவனைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் புள்ளி தவறில்லை, உழைப்பும் தவறில்லை. தவறு என் கணக்கில் இருந்தது. நான் அவளை மட்டும் பார்த்தேன். அவளுக்கு முன்னும் பின்னும் வரிசையில் நின்றவர்களைப் பார்க்கவில்லை. 4.00 என்பது நம் ஊரில் அரிது. ஆண்டுக்கு ஒருவர், சில ஆண்டுகளில் ஒருவரும் இல்லை. ஆனால் நாடு முழுவதும் எஸ்.டி.பி.எம்.மில் மட்டுமே 4.00 பெறுவோர் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். மெட்ரிகுலேஷனிலும் 4.00 பெற்று வருவோர் இருக்கிறார்கள். அடித்தளக் கல்வியிலிருந்து வருவோரும் உண்டு. யு.பி.யு. இவர்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறது. ஊருக்கு முதல் பிள்ளை அந்த வரிசையில் எத்தனையாவது பிள்ளை என்பதை ஊரில் இருந்துகொண்டு சொல்ல முடியாது.

வெவ்வேறு தேர்வுகளின் புள்ளிகளை ஒன்றாக வைத்து ஒப்பிடுவது சரிதானா என்ற வாதம் 2002 முதல் இருந்து வருகிறது. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற விழுக்காடு பற்றிய வாதமும் அப்படியே. 2019இல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024 ஜூன் இறுதியில், எஸ்.பி.எம்.மில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா மாணவர்களுக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும் என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். மறு ஆண்டே, 2025இல், ஏ மைனஸ் அந்தப் பத்தில் சேருமா சேராதா என்று பெரும் விவாதம் எழுந்தது. இவற்றைப் பற்றிப் பேச வேறு மேடைகள் உண்டு, என்னைவிட உரத்த குரலில் பேசுவோரும் உண்டு. நான் சொல்ல வருவது இவ்வளவே: போன ஆண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததை வைத்து இந்த ஆண்டுக்குக் கணக்குப் போடாதீர்கள். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுமையாகப் படியுங்கள்.

இனி மெரிட் புள்ளிக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் செய்யும் குடும்பங்களே அதிகம் என்பது என் அனுபவம். நூறு புள்ளியில் 90 தேர்வுக்கு, 10 புறப்பாட நடவடிக்கைகளுக்கு. எஸ்.டி.பி.எம். மாணவர் பெற்ற சராசரியை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்க வேண்டும். 4.00 பெற்றவருக்கு முழு 90. நான்கு பாடங்களில் ஒன்றில் மட்டும் ஏ மைனஸ் வந்தவருக்கு அந்தப் பாடத்தில் 3.67, ஆகவே சராசரி 3.92. அதைப் பெருக்கினால் 88.2. ஓர் ஏ மைனஸின் விலை 1.8 புள்ளி.

இப்போது புறப்பாடத்தைச் சேருங்கள். 4.00 எடுத்த மாணவர் புறப்பாடத்தில் பத்துக்கு 6.5 பெற்றிருந்தால் மொத்தம் 96.5. ஏ மைனஸ் வாங்கிய மாணவர் புறப்பாடத்தில் 9 பெற்றிருந்தால் மொத்தம் 97.2. வரிசையில் முன்னே நிற்பவர் ஏ மைனஸ்காரர்! "என் பையன் 4.00, அவன் 3.92, அவனுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று என்னிடம் கோபமாகக் கேட்ட பெற்றோர் உண்டு. கேட்டுவிட்டு, "அவனுக்கு ஆள் இருக்கிறது" என்று அவர்களே முடிவும் கட்டிவிடுவார்கள். பல சமயம் அவனுக்கு இருந்தது ஆள் அல்ல. மாநில அளவில் ஓடிய ஓட்டமும், சீருடை இயக்கத்தில் வகித்த பொறுப்பும்.

நம் வீடுகளில் ஆறாம் படிவம் வந்ததும் பிள்ளையைப் பந்தயத்திலிருந்தும் மன்றங்களிலிருந்தும் இழுத்துக்கொண்டு டியூஷனுக்கு அனுப்புகிறோம். டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்துப் புள்ளியைத் தெருவில் போட்டுவிட்டு, ஒரு புள்ளிக்காக இரவெல்லாம் விழித்திருப்பது என்ன கணக்கு? ஆலயத்தில் தொண்டு செய்த சான்றிதழுக்குப் புள்ளி உண்டா என்று இளைஞர் பிரிவுத் தம்பிமார்கள் கேட்டார்கள். உங்கள் பள்ளியின் பொறுப்பாசிரியரிடம் முதல் தவணையிலேயே கேளுங்கள். முடிவு வந்தபின் கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய இயலாது.

மெரிட் புள்ளி கையில் இருக்கிறது. அதை எதனோடு ஒப்பிடுவது? ஒவ்வொரு துறைக்கும் குறைந்தபட்சத் தகுதி என்று ஒன்று வெளியிடுவார்கள். அது வாசற்படி. அதைத் தாண்டியவர் உள்ளே வந்து வரிசையில் நிற்கலாம், அவ்வளவே. "தகுதி இருக்கிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்பவர்கள் வாசற்படியை நாற்காலி என்று எண்ணிவிட்டார்கள்.

வரிசையின் நிலவரத்தை ஓரளவு காட்டுவது, இ-பண்டுவான் என்னும் இணைய வழிகாட்டியில் துறை தோறும் தரப்படும் சராசரி மெரிட் புள்ளி. ஆனால் அது சராசரிதான். கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளி அல்ல. சராசரி 85 என்று போட்டிருக்கும் துறைக்கு 82 வைத்திருக்கும் மாணவர் பயந்து ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை. சராசரி என்றாலே அதற்குக் கீழே சிலர் நுழைந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

ஆனால் சராசரி 98 என்றிருந்தால் கதை வேறு. இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டுகிறேன். நூறுக்கு மேல் யாராலும் வாங்க முடியாது. ஆகவே சராசரிக்கு மேலே இருப்பவர் அதிகம் போனால் இரண்டு புள்ளிதான் மேலே இருக்க முடியும். 92 வைத்திருக்கும் ஒருவர் அந்த வகுப்பில் நுழைந்திருந்தால் அவர் சராசரியை ஆறு புள்ளி கீழே இழுத்திருப்பார். அதை ஈடுகட்டக் குறைந்தது மூன்று பேர் முழு நூறு வாங்கியிருக்க வேண்டும். அப்படி எத்தனை மூவர் கிடைப்பார்கள்? ஆகவே அத்தகைய வகுப்பில் 92க்கு இடம் மிகமிகக் குறைவு. பெரும்பாலோர் 97, 98, 99 என்று நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே புள்ளிக்கு அடுத்துள்ள தசமத்தில் தலையெழுத்து மாறும். உயரமான சராசரி குறுகலான வாசல்; நடுத்தரமான சராசரி அகலமான வாசலாக இருக்கக்கூடும். பிள்ளைகள் இதைக் கணிதப் பாடத்தில் படித்திருப்பார்கள். பெற்றோருக்கு அவர்களே விளக்கட்டும்.

மருத்துவம் போன்ற துறைகளில் புள்ளியோடு முடிவதில்லை. நேர்முகத் தேர்வு உண்டு. அதில் தடுமாறிய முழுப்புள்ளிக்காரர்களும் உண்டு. வீட்டில் மருத்துவர் உள்ள பிள்ளை நேர்முகத்தில் சரளமாகப் பேசும், தோட்டத்துப் பிள்ளை "ஏன் மருத்துவம்?" என்று கேட்டால் "மக்களுக்குச் சேவை செய்ய" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடும். நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று இங்கே இருக்கிறது. இந்த ஊரில் நம்மவர் மருத்துவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் இந்த ஆலயத்தின் ஆயுள் உறுப்பினர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, மலாயிலும் ஆங்கிலத்திலும் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பழக்க முடியாதா? கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

2016இல் நான் செய்த இரண்டாவது பிழையும் ஒரு கணக்குப் பிழைதான். மருத்துவத்தை ஐந்தாறு இடங்களில் போட்டால் ஒன்றிலாவது விழும் என்று எண்ணினேன். சீட்டுக் குலுக்கல் என்றால் அது சரி. அங்கே ஒரு குலுக்கலுக்கும் அடுத்த குலுக்கலுக்கும் தொடர்பில்லை. இங்கே அப்படியில்லை. அதே புள்ளி, அதே புறப்பாடம், அதே போட்டியாளர்கள். ஓரிடத்தில் எந்தக் காரணத்தால் தவறுகிறதோ, பெரும்பாலும் அதே காரணத்தால் மற்ற இடங்களிலும் தவறும். ஆறு முறை விண்ணப்பித்தோம் என்பது தோற்றம். உண்மையில் ஏறக்குறைய ஒரே முறைதான் விண்ணப்பித்தோம். மருத்துவத்தில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். எஸ்.டி.பி.எம்.மில் முழுத் தேர்ச்சி பெற்ற ஒரு மாணவர் கேட்ட கணக்கியல் கிடைக்காமல் வேறு துறை கிடைத்த செய்தி 2025இல் நாளிதழ்களில் வெளிவந்து பலரும் பேசியதை நீங்கள் அறிவீர்கள்.

நாளிதழ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். யு.பி.யு. முடிவு வெளியானதும், இடம் கிடைக்காத சிறந்த மாணவரின் படம் நாளிதழில் வருகிறது. அதைப் பார்த்து "நம்மவர்க்கு எங்கே தருகிறார்கள்" என்று விண்ணப்பத்தையே அக்கறையின்றி நிரப்புவோர் உண்டு. மறுபக்கம், நம் திருவிழா மலரில் மருத்துவம் கிடைத்த பிள்ளையின் படத்தைப் பட்டியக்கல் நகைக்கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில் வாழ்த்தோடு போடுகிறோம். அதைப் பார்த்து எல்லார்க்கும் கிடைக்கும் என்று எண்ணுவோரும் உண்டு. தாம் கேட்ட மூன்றாவது துறை கிடைத்து, அமைதியாகப் படித்து, வேலைக்குப் போன பிள்ளைகளின் படம் இரண்டிலும் வருவதில்லை. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். மலர்க் குழுவினர் என்னை மன்னிக்க வேண்டும்.

ஆகவே இப்போது என்னிடம் யாராவது "கிடைக்குமா?" என்று கேட்டால் நான் ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. "பட்டியலைக் காட்டுங்கள்" என்கிறேன். பிள்ளையின் மனத்துக்குப் பிடித்தது முதலில் இருக்கட்டும். அதில் தயக்கம் வேண்டாம். புள்ளி சற்றுக் குறைவாக இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் அதற்குக் கீழே, உங்கள் புள்ளி சராசரியை ஒட்டி இருக்கும் துறைகள் சில வேண்டும். கடைசியில், உங்கள் புள்ளி சராசரியைவிட நன்றாக மேலே இருக்கும் துறைகள் குறைந்தது இரண்டு வேண்டும். அந்த இரண்டும் ஏனோதானோ என்று போட்டவையாக இருக்கக்கூடாது. கிடைத்தால் பிள்ளை மனமுவந்து போகக்கூடியவையாக இருக்க வேண்டும். இதற்குப் பிள்ளையிடம் பேச வேண்டும். "டாக்டர் இல்லையென்றால் என்ன படிப்பாய்?" என்ற கேள்வியை அபசகுனம் என்று நினைத்து நம் வீடுகளில் கேட்பதே இல்லை. அந்தப் பெண்ணிடம் அதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊரையும் பாருங்கள். யு.எஸ்.எம். என்றால் பினாங்கு என்று நினைத்துப் போடுகிறார்கள். அதன் மருத்துவப் பள்ளி கிளந்தானில், குபாங் கிரியானில் இருக்கிறது. சரவாக்கிலும் சபாவிலும் உள்ள அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் உண்டு. "பொம்பளைப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப மாட்டோம்" என்று அவற்றை நீக்கிவிடும் பெற்றோர், அதே பிள்ளையைக் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்ப முகவரைத் தேடுவதையும் பார்த்திருக்கிறேன். முகவர்கள் பேச்சில் எச்சரிக்கை தேவை. அந்தக் கல்லூரியின் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்பதை நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. தவறாமல் செய்யுங்கள், காலக்கெடுவுக்குள் செய்யுங்கள். சில அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கூடுதல் கட்டணம் செலுத்திச் சேரும் தனிவழி உண்டு. தனியார் கல்லூரிகளும் உண்டு. பி.டி.பி.டி.என். கடனும் உண்டு. ஆனால் தனியார் மருத்துவக் கட்டணம் லட்சக்கணக்கான வெள்ளி. வீட்டை அடகு வைப்பதற்கு முன் இரண்டு இரவு தூங்கி எழுந்து முடிவெடுங்கள். எஸ்.டி.பி.எம். சான்றிதழைச் சிங்கப்பூர், இங்கிலாந்து, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்கின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆறாம் படிவத்தை ஏழைகளின் வழி என்று நம்மவர் சிலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். அந்த வழியில் வந்தவன் நான்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்கலாம். மேல்முறையீட்டில் அவளுக்கு உயிர்மருத்துவ அறிவியல் கிடைத்தது. சேர்ந்தாள், முடித்தாள், இப்போது ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறாள். எல்லாம் நன்மைக்கே என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அவள் ஆசைப்பட்டது அதுவல்ல. சென்ற தைப்பூசத்தன்று அவளை இங்கே பார்த்தேன். நலம் விசாரித்தாள். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மேளச் சத்தம் கேட்கிறது. செயலாளர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். திருவிழா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, காலைப் பூசை முடிந்தபின் மண்டபத்தின் பின்புற அறையில் நான் இருப்பேன். யு.பி.யு. விண்ணப்பம் முடியும்வரை இருப்பேன். வரும்போது தேர்வுப் புள்ளியோடு புறப்பாடப் புள்ளியையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டியலை நீங்கள் நிரப்பிக் கொண்டுவராமல் பிள்ளையின் கையெழுத்திலேயே கொண்டு வாருங்கள். பிள்ளையும் கட்டாயம் வர வேண்டும்.